முப்பத்தோராம் முனை

சாட்ஸ்வர்த் மேட்டுத் துணைமின் நிலையத்தில்
புறப்படும்போது மின்சாரம் ஒரு கல்யாண மாப்பிள்ளை.
பதினோராயிரம் வோல்ட் மிடுக்கு.
ஐந்தாம் முனையில் கடைவீதி,
ஒன்பதில் கோயில், மண்டபம்,
பதினான்கில் ரொட்டிக்கடையின் நாலு அடுப்பு.
இறங்க இறங்க
கடைசிப் பந்தி ரசம்போல் தெளிந்துபோகும்.
முப்பத்தொன்றில் குழல்விளக்கு
எரியலாமா வேண்டாமா என்று
நெடுநேரம் யோசிக்கும்.

எனக்குக் கொடுத்த வேலை இவ்வளவுதான்:
ஐந்நூறு கிலோவாட் சூரியப் பலகை,
கூடவே ஒரு மின்கலப் பெட்டி.
முப்பத்தொரு முனைகளில் ஒன்றைச் சொல்.
எங்கே வைத்தால் கம்பி குறைவாகச் சுடும்?

கம்பி கந்துவட்டிக்காரன்.
ஓட்டம் இரட்டித்தால்
இழப்பு நாலு மடங்கு கேட்பான்.
மேட்டிலேயே வைத்தால்
நிறைந்த குளத்தில் ஒரு குடம் கவிழ்த்த கதை.
நுனியில் அளவுமீறி வைத்தாலோ
ஊர் வேலைக்குப் போன நடுப்பகலில்
குடிக்க ஆளின்றி மின்சாரம் மேடேறித் திரும்பும்;
வோல்ட் எகிறும்;
யார் வீட்டுத் தொலைக்காட்சியோ கருகும்.

இரவு முழுக்க நிரல் ஓடியது.
நடுவே இரண்டு மணி நேரம்
அட்டவணைப்படி மின்வெட்டு.
மின்சாரத்துக்கு இடம் தேடிய கணினி
மின்சாரம் இல்லாமல் தூங்கியது. நானும்தான்.

விடியலில் விடை: இருபத்தொன்று.
உயர்நிலைப் பள்ளிக் கூரை.
பூபாலன் ரெட்டிக்கு வாயெல்லாம் பல்.
பூட்டு உண்டு, காவலாளி உண்டு,
திறப்பு விழாவுக்கு
மேடைகூடத் தயாராக இருக்கிறது கோகிலம், என்றார்.

அச்சிடும் முன்புதான் அந்த வரி கண்ணில் பட்டது.
முப்பத்தோராம் முனை. சுமை: பூஜ்யம்.
பக்கத்துப் பத்தியில்,
தொழில்நுட்பம் சாராத இழப்பு: நூற்றெண்பது கிலோவாட்.
திருட்டுக்கு எங்கள் அலுவலகம் வைத்த செல்லப்பெயர்.

சனிக்கிழமை இறங்கிப் பார்த்தேன்.
உம்லத்துசானா ஓடைக்கரையில் தகர வீடுகள்.
நடைபாதையின் குறுக்கே பழைய கம்பளம்,
அதன் அடியில் கம்பி.
குழந்தைகள் அந்த இடத்தில் மட்டும்
அகலக் கால் வைத்துத் தாண்டுகிறார்கள்,
யாரும் சொல்லாமலே.
ந்தோம்பிஃபுத்தி கோழிக்கால் விற்கிறாள்.
மாலை ஆறு மணிக்கு அவள் குளிர்பெட்டி
முனகி முனகி நின்றுவிடும்.
மிஞ்சியதை அன்றே வறுத்தாக வேண்டும்,
வாங்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

திரும்பி வந்து ஒன்றே ஒன்று செய்தேன்.
நூற்றெண்பதை
இழப்புப் பத்தியிலிருந்து எடுத்துச்
சுமைப் பத்தியில் எழுதினேன்.
ஒரு பல்பு கூடவில்லை. ஓர் ஆம்பியர் குறையவில்லை.
விடை மட்டும் பள்ளிக் கூரையிலிருந்து இறங்கி
சரிவு சரிவாகப் போய்
இருபத்தொன்பதில் உட்கார்ந்தது.

திருடினவனுக்கா இலை போடச் சொல்கிறாய்?
பூபாலன் குரலில் கோபம்கூட இல்லை, களைப்புதான்.
சேதாரம் மாதாமாதம் அவர் கையெழுத்தில்தான் போகிறது.
கம்பிக்கு அது தெரியாது சார், என்றேன்.
வேறு நல்ல பதில் அப்போது வரவில்லை.
இப்போதும் வரவில்லை.
இரண்டு விடைகளும் ஒரே உறைக்குள்
குழுவின் மேசைக்குப் போயிருக்கின்றன.

கேட்டு வரும்வரை சும்மா இருப்பானேன் என்று
அளவு நாடாவோடு
இருபத்தொன்பதுக்குப் போனேன்.
பொதுக் குழாயடிக்கு மேலே ஒரு வெற்றுத்தரை,
வடக்கு வெயில் தடையில்லாமல் விழும் இடம்.
நாலு முளை அடித்தேன்.

ந்தோம்பிஃபுத்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
சத்தம் போடுமா இது?
போடாது.
என் மகன் இரவுக் காவல், பகலில் தூங்குவான்.
தூங்கட்டும், சத்தமே வராது.
முளைகளைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.
பிறகு மேற்குப் பக்கத்து முளையைப் பிடுங்கி
மூன்று எட்டு தள்ளி ஊன்றினாள்.

அங்கே என் துணிக்கொடி வரும், என்றாள்.

வோல்ட், இழப்பு, ஓட்டம், கம்பியின் சூடு,
எல்லா நிபந்தனையும் எழுதிய நிரலில்
இது விட்டுப்போயிருந்தது.
நாடாவை மறுபடி விரித்தேன்.