ஈஸ்டர் வரை மட்டும்

விடுதிக் கண்ணாடி முன்
பதினைந்து முறை சொல்லிப் பழகிய இரண்டு சொற்கள்:
பெஸ் மியாசா.
இறைச்சி இல்லாமல்.

பெத்ரசவோத்ஸ்க்கில் மார்ச் என்பது
பனி கறுத்துப்போகும் மாதம்.
ஒனேகா ஏரி இன்னும் கல்லாகத்தான் கிடக்கிறது.
அதன்மேல் ஒருவர் முக்காலி போட்டு
துளைக்குள் தூண்டில் விட்டிருக்கிறார்.
காகித ஆலையின் உருளைகளுக்கு
வேகம் சரிபார்க்க வந்தவன் நான்.
மதியம் ஒன்றரை. பசி.

கிளாஃபீரா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தவள்
பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.
மாடு வேண்டாமா, சரி.
பன்றி? சரி.
கோழி கூடவா என்றாள்,
கோழியெல்லாம் ஓர் இறைச்சியா என்பதுபோல.
மீனுக்கும் நான் தலையாட்டியபோது
சன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள்.
அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு
யார் பதில் சொல்வது?

போர்ஷ் வந்தது.
செக்கச்செவேலென்று,
நடுவில் ஒரு கரண்டி புளித்த பாலேடு,
அதன் அடியில்
முழுகியும் முழுகாமலும் ஒரு துண்டு.
விரலால் காட்டினேன்.
ஐயோ என்று தூக்கிக்கொண்டு ஓடியவள்
இரண்டே நிமிடத்தில் திரும்பினாள்.
அதே கிண்ணம், விளிம்பில் அதே விரிசல்,
துண்டு மட்டும் இல்லை.
பெஸ் மியாசா, என்றாள், ஜெயித்த சிரிப்போடு.
இலக்கணப்படி அவள் சொன்னது சரிதான்.
கொழுப்பின் பொன்வட்டங்கள்
மேலே மிதந்தபடி என்னையே பார்த்தன.

நான் பிறவிச் சைவம் இல்லை.
தோஹாவில் ஒரு சிக்னலில் ஆனவன்.
நூற்றிருபது நொடிச் சிவப்பு,
பக்கத்து லாரியில் அடுக்கடுக்காகக் கூண்டுகள்.
சிகரெட்டுக்காகக் கண்ணாடியை இறக்கினேன்.
ஒரு கோழி கழுத்தை வெளியே நீட்டி
என் ஏசிக் காற்றில் கண்ணை மூடியது.
பச்சை விழுந்தது. அவ்வளவுதான்.
எந்தக் கடவுளும் இதைக் கேட்கவில்லை.
இதற்கு ரஷ்யமொழியில் என்னிடம் சொல் இல்லை,
தமிழிலேயே மாமனாரிடம்
இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

போஸ்த்? என்றார் அடுத்த மேசைக்காரர்.
நோன்பா?
மரலாரி ஓட்டுபவராம், பெயர் ரோதியோன்.
தலை தானாக ஆடிவிட்டது.
பொய்யில் பாதிதான், ஆனாலும் பொய்.

கிளாஃபீராவின் முகம் அகலத் திறந்துகொண்டது.
அதை முதலிலேயே சொல்லக் கூடாதா!
எங்கிருந்தோ ஒற்றைத் தாள் வந்தது,
உச்சியில் பேனாவால் எழுதியிருந்தது:
ஈஸ்டர் வரை மட்டும்.

பிறகு மேசையில் இடமில்லை.
ரை மாவில் கலித்கி:
சோமாசிக்குக் கிள்ளுவதுபோல விளிம்பெல்லாம் கிள்ளி
மூட மட்டும் மறந்துபோனவை,
உள்ளே உருளைக்கிழங்கு.
வெங்காயம் வதக்கிப் போட்ட கிரேச்கா,
லேசாகக் கருகின வாசனை,
எனக்குப் பிடித்த கருகல்.
குடிப்பதா தின்பதா என்று
தானே முடிவெடுக்காத கிசெல்.
காரமே தெரியாத நாடென்று எவன் சொன்னது,
அந்தக் கடுகு விழுதை நக்கிப் பார்த்திருக்கிறானா?
மூக்கு வழியே ஏறி
உச்சந்தலையில் உட்கார்ந்தது.
கண்ணீரோடு இன்னொரு முறை தொட்டுக்கொண்டேன்.

ரோதியோன் கைபேசியில் நாட்காட்டி காட்டினார்.
இன்னும் பத்தொன்பது நாள்.
அப்புறம் சாசேஜ்,
இவ்வளவு நீளம் என்று
இரு கையையும் விரித்ததில்
உப்புச்சிமிழ் கவிழ்ந்தது.
உனக்கு எத்தனை நாள்?

மொழிபெயர்ப்புச் செயலியில் தட்டினேன்:
எனக்கு முடிவுத் தேதி இல்லை.

இரண்டு முறை படித்தார்.
என்னை, என் சட்டையை,
நான் வழித்துத் தின்ற தட்டை
மாறி மாறிப் பார்த்தார்.
ஆயுள்தண்டனைக் கைதியிடம் பேசுவதுபோலக்
குரலைத் தாழ்த்திக் கேட்டார்.
கைபேசிப் பெண் அதை
உணவகமே கேட்கும்படி தமிழில் சொன்னாள்:
அப்படி என்ன செய்துவிட்டாய்?

சிக்னலைச் சொல்லலாமா என்று யோசித்தேன்.
கூண்டு, கழுத்து, ஏசிக் காற்று
எதை முதலில் தட்டுவது?

அதற்குள் அவர்
தன் ஊறுகாய்க் காளான் தட்டை,
அதில் மீதமிருந்த நான்கையும்,
என் பக்கம் நகர்த்தியிருந்தார்.