ஒரே மூச்சில்

"கடமையிலிருந்த உத்தியோகத்தர்மீது
உழவு இயந்திரத்தை ஏற்றியமை."
சிங்களத்தில் அது ஒரே மூச்சு;
தமிழில் சொல்ல எனக்கு இரண்டு வேண்டியிருந்தது.

வாழைச்சேனை நீதிமன்றில் கூட்டுக்குள் நிதுசன்.
கிரானில் இரவு மணல் ஏற்றியவன்.
மகாஓயாக் கொன்ஸ்டபிள்
பிளேட் வைத்த காலை வாங்கில் நீட்டியிருக்கிறார்.
இனி நடக்கலாம், ஓட ஏலாதாம்.

பேப்பரில் போட்டிருக்கு:
பொலிசில் கைவைத்தால்
ஆண்டுகளை இரட்டிப்பாக்கப் போகினமாம்.
தேத்தண்ணிக் கடையில் சட்டத்தரணிகள்
இப்பவே கணக்குப் பார்க்கிறார்கள்.
லோட்டுக்கு இவ்வளவென்று மணல் வாங்கும் முதலாளியின் பெயர்
எந்தத் தாளிலும் இல்லை.
இல்லாததை நான் மொழிபெயர்க்க ஏலாது.

இதே கட்டடத்து அலுமாரியில்
என் அண்ணனின் முறைப்பாடும் கிடக்கிறது.
ஸ்டேஷனுக்குள் முறிந்த மூன்று விரல்களுக்கு
எத்தனை ஆண்டென்று
இரண்டு மொழியிலும் ஒருவரும் எழுதவில்லை.

இடைவேளையில் கொன்ஸ்டபிள் என்னைக் கூப்பிட்டார்.
"அந்தப் பொடியனுக்கு என்ன வயசு?"
இருபத்தொன்று என்றேன்.
விரல்விட்டு எண்ணினார், மடக்கினார், திரும்ப எண்ணினார்.
"வெளிய வரக்குள்ள என்ட வயசு வந்திரும்."

பிறகு, கால் நோகுது,
வாங்கைக் கொஞ்சம் இழுத்துவிடுங்க என்றார்.
இழுத்துவிட்டேன்.
பெரிய சத்தமாய்க் கிரீச்சிட்டது.
நிதுசன் திரும்பிப் பார்த்தான்.