நீலக் கொடியா, ஆரஞ்சுக் கொடியா

குளச்சல் பீச் ரோட்டில்
ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்கு
குராசோ தீவிலிருந்து தபால்.
போஸ்ட்மேனுக்குச் சந்தேகம்:
"வெளிநாட்டு மாப்பிள்ளையா?"
இல்லை, ஷர்லீன். வயது அறுபத்தொன்று.
பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள்.

நான் மயிலும் ரயில் என்ஜினும் அனுப்புவேன்.
அவள் உடும்பு, பூநாரை, கள்ளிச்செடி.
உறையோடு வெட்டி
எவர்சில்வர் தட்டில் தண்ணீர் விட்டால்
கால் மணி நேரத்தில்
பசை விட்டு மிதந்து வரும் உடும்பு.

ஓர் அட்டையில் துறைமுகத் தெரு.
மஞ்சள், ரோஸ், பச்சை, காவி,
சப்பரத்துக்குப் பின்னால் பட்டுச்சேலையில்
தோள் இடித்து நிற்பவர்கள் மாதிரி வீடுகள்.
வெள்ளைச் சுவர் தலைவலி தருதென்று
முன்னொரு கவர்னர் சட்டம் போட்டானாம்.
டச்சுக்காரன்.

எங்கள் கரையிலும் இறங்கினார்கள்,
தோற்றார்கள், தூண் நிற்கிறது என்று
கொஞ்சம் பெருமையாகவே எழுதினேன்:
உங்களைத் தோற்கடித்த ஊர் இது.
இரண்டு மாதம் கழித்துப் பதில்:
"எங்களை இல்லை.
எங்களை விற்றவர்களை."
அந்த அட்டையின் ஸ்டாம்பை
நான் இன்னும் பிரிக்கவில்லை.

கிறிஸ்மஸுக்குத் தம்பி கிளீட்டஸ் வந்தான்,
பத்து மாதம் டேங்கரில் ஆயிலர் வேலை.
"குராசோவா? மார்ச்சில ரெண்டு நாள் கிடந்தோமே"
என்றான் நெய்மீன் முள்ளை எடுத்துக்கொண்டே.
எனக்குக் கை ஓடவில்லை.
"வீடெல்லாம் என்ன நிறம்லே?"
"யாரு கண்டா? பம்பு கேடு.
நான் மேல வரவே இல்ல."
"பாலம்? மிதக்கிற பாலம்,
கப்பல் வந்தால் கதவு மாதிரி ஒதுங்குமே?"
சோற்றைப் பிசைந்தபடி யோசித்தான்.
"வென்டிலேட்டர் வழியா ஒரு மணி கேட்டுது.
சோத்து மணின்னு நினைச்சேன்."

இடுக்கி இல்லாமல் யாரையும்
தொடவிடாத ஆல்பம் அது.
கை கழுவிவிட்டும் மீன் மணக்கும் விரலால்
மஞ்சள் வீட்டுக்கு முன்னால்
தண்ணீரில் ஓரிடத்தைத் தொட்டான்.
"இங்கனதான் நான் கிடந்திருப்பேன்.
இதுக்கு அடியில."
விரல் ரேகை விழுந்துவிட்டது.
துடைக்கவில்லை.

அன்பு ஷர்லீன்,
மார்ச் பதினான்கு, அல்லது பதினைந்து.
சிவப்பு அடி கொண்ட ஒரு டேங்கர்.
பாலம் விலகியபோது
நீ வேலைக்குப் போகக் காத்து நின்றாயா?
அன்று ஏற்றியது ஆரஞ்சுக் கொடியா, நீலமா?
நீலமென்றால் நெடுநேரம் ஆகுமென்று
நீதான் எழுதியிருந்தாய்.
கால் கடுக்க நின்று
அந்தக் கப்பலை நீ திட்டியிருந்தால்,
அது என் தம்பியைத்தான்.