ஏற்றியவர்கள்

வாடகைக் கார் ஜெலுத்தோங் சாலையில் மூச்சை விட்டது.
பத்து மணிக்குக் கல்யாணம்,
எங்கள் மிஷன் மருத்துவமனைச் சிற்றாலயத்தில்.
நான் ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு போனேன்.

நர்ஸ் ஃபிலோமினா ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்தாள்,
சேலை கசங்காமல், கூரையில் தலைப்பூ உரச.
"சைரன் போடாதீங்கண்ணே, மானம் போயிடும்."
போடவில்லை.

பாதி வழியில் வயர்லெஸ் கரகரத்தது:
சந்தையில் மீன்கடைக்காரர், நெஞ்சுவலி.
கண்ணாடியில் பார்த்தேன்.
அவள் வளையல்களைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.

ஸ்ட்ரெச்சரில் இப்போது அவர்.
பட்டுச்சேலையோடு தரையில் மண்டியிட்டு
ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொண்டாள்.
மருதாணி விரலில் மீன் செதில்.
அவர் ஹொக்கியனில் ஏதோ முனகினார்.
அதே ஹொக்கியனில் அவளும் பதில் சொன்னாள்.
எனக்குப் புரிந்தது ஒரு சொல்தான்: கல்யாணம்.
சைரனைப் போட்டேன்.

எமர்ஜென்சி வாசலில்
கோட்டுப் பையில் ரோஜா குத்திய மாப்பிள்ளை,
எங்கள் எக்ஸ்ரே ஞானாதிக்கம்,
பெண்ணைப் பார்க்கவில்லை,
ஸ்ட்ரெச்சரின் மறுமுனையைப் பிடித்தார்.
பாதிரியார் பதினொன்றே கால் வரை காத்திருந்தார்.

கேன்டீனில் பிரியாணி ஆறிப்போயிருந்தது.
யாரும் குறை சொல்லவில்லை,
ஜாகா பாக்கார் மட்டும்
ஊறுகாய் எங்கே என்றார்.

மாலை, பயண ஏட்டில்
'ஏற்றியவர்கள்' கட்டத்தில் இரண்டு என்றெழுதி
அடித்து, ஒன்று என்றெழுதி,
அதையும் அடித்தேன்.
மேலதிகாரி இன்னும் கேட்கவில்லை.