இருபத்தைந்துக்குத் திருத்தியது

நான்கு மணிக்கே இயந்திரத்தைச் சூடேற்றிவிட வேண்டும்.
வெயில் ஏறினால் உமுஷ்வதி
கதவைச் சாத்திக்கொள்ளும். அப்புறம்
எவ்வளவு தட்டினாலும் கணக்குக் கொடுக்காது.

குளிர்மலையில் முளைத்த மரம்.
ஆறு வருஷத்துக்கு முன் பாலிதீன் பைகளில்
நூற்றுச் சொச்சம் கன்றாக
கிரேஹேயின் சூட்டில் இறக்கினோம்.
சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை.

விரலகலக் கண்ணாடி அறை
ஓர் இலையைக் கவ்விக்கொள்கிறது.
உள்ளே விளக்கு; அதுதான் அதற்கு நடுப்பகல்.
பதினைந்து டிகிரி. இருபது. இருபத்தைந்து.
ஒவ்வொரு படியிலும் கரியமில வாயுவைக் கூட்டுகிறேன்,
சந்தையில் சுமைக்காரன் முதுகில்
மூட்டைமேல் மூட்டை ஏற்றிப் பார்ப்பதுபோல்:
எதுவரை, சொல்.

முப்பதில் கோடு நிமிர்ந்தே நடந்தது.
முப்பத்தைந்தில், வாழைத்தார் கட்டிய சைக்கிளைத்
தள்ளிக்கொண்டு போகிறவன்
மேட்டின் பாதியில் நிற்பதுபோல் நின்றது.
கல் தேடினான், சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க.
கல் இல்லை.

இதனருகே மூச்சு விடக்கூடாது.
நம் மூச்சும் அது எண்ணும் வாயுதான்.
ஒன்பது வருஷமாக நான்
ரகசியம் வைத்திருப்பவன்போல் முகம் திருப்பியே வாழ்கிறேன்;
வீட்டில் மனைவி கேட்டுவிட்டாள்,
யாரைப் பார்க்காமலிருக்கப் பழகுகிறாய் என்று.

சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போட வந்த முகாருக்விசாவுக்கு
அது மறந்துபோயிற்று.
மார்போடு கட்டிய ஐந்து நாள் மகளுடன்
திரையைப் பார்க்கக் குனிந்தாள்.
ஒரு புள்ளி வெட்டுக்கிளியாக எம்பியது.
"நானா?"
"நீயில்லை. அவள்."
சிரித்தாள். இன்னொரு புள்ளியும் போயிற்று.

நாற்பதில் இலை கைவிட்டது.
திறந்தேன்: கவ்விய தடம், மற்றபடி பச்சை.
வெளியே பார்த்தால் ஒன்றுமே நடக்காத இலை.

மாலையில் ஹுயேயிலிருந்து டாக்டர் ந்திகுமானா:
"எல்லாவற்றையும் இருபத்தைந்துக்குத் திருத்தி அனுப்பு, ஹபருரேமா.
மலையையும் சமவெளியையும்
ஒரே தராசில் வைக்க வேண்டாமா?"
வேண்டும்தான்.
ஆனால் இங்கே இருபத்தைந்து என்பது
காலை பத்து மணிக்குக் கொஞ்ச நேரம்,
பேருந்து நிற்கிற அளவு.
மரம் மிச்சப் பொழுதிலும் இருக்கிறது.

திருத்தினேன்.
கெட்டுப்போன இரண்டு புள்ளிகளையும் அழித்தேன்.
அந்த வழியாக யாரும் வரவே இல்லை என்பதுபோல்
கணினி கோட்டை வழவழவென்று இழுத்துக்கொண்டு போனது.

'நீக்கியதற்குக் காரணம்' என்றொரு கட்டம்.
மூச்சு, என்று எழுதினேன்.
'யாருடையது' என்று அடுத்த கட்டம்.
எட்டாம் நாள்தானே பெயர் வைப்பார்கள்.
வெள்ளிக்கிழமை நிரப்பிக்கொள்ளலாம் என்று
காலியாக விட்டிருக்கிறேன்.