மூன்று கோடுகள்

மதுக்கரை ராணுவ முகாமின் இரண்டாவது கேட்டுக்குள்
குடும்ப நல மையம்.
அதில் கல்விப் பிரிவு என்பது
ஒரு மேசை, ஒரு பீரோ, நான்.
குனியமுத்தூரில் எட்டே கால் பஸ் ஏறி வந்து
சிமெண்டுத் தூசியை முதலில் துடைப்பேன்.
ஜன்னலைச் சாத்தினாலும்
பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
விண்ணப்பங்களை ஒருமுறை
புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

'இதற்குமுன் படித்த பள்ளிகள்' என்ற இடத்தில்
மூன்று கோடு விட்டிருக்கிறார்கள்.
அச்சடித்தவர் யாரோ,
ஒரே ஊரில் பொறந்து, படிச்சு,
அங்கயே பென்ஷனும் வாங்கினவராட்டம் இருக்குது.

தீக்ஷா ராவத், ஒன்பதாம் வகுப்பு.
லேன்ஸ்டவுன். ஜபல்பூர். தேஜ்பூர்.
மறுபடி ஜபல்பூர், அதே பள்ளி, வேறு பெஞ்சு.
பட்டிண்டா. செகந்திராபாத்.
நாலாவது பெயர் ஓரத்தில் ஏறியது,
ஐந்தாவது அவள் ஃபோட்டோவின்
தோளைச் சுற்றிக்கொண்டு போனது,
ஆறாவதைப் பின்பக்கம் எழுதி
அம்புக்குறி போட்டேன்.

அப்பா ஹவில்தார்.
அவர் சட்டைக் கையிலும் மூன்று கோடுதான்.

'தந்தை தற்போது பணிபுரியும் இடம்.'
அம்மா பபிதா பேனாவை வாங்கி
சின்னதாய் ஒரு கோடு இழுத்தாள்.
"தெரியாதுங்களா?"
"தெரியும். எழுதக் கூடாது."
ஒன்பது மாதத் தமிழ். பிழையே இல்லை.

சாயங்கால வகுப்பு பழைய ரேஷன் கிடங்கில்.
சுவரில் இன்னும் பருப்பு வாசம்.
பட்டிண்டாவில் பாதி நடந்த இயற்கணிதம்
செகந்திராபாத்தில் முடிந்திருந்தது.
இவள் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்தபோது
யாரோ எக்ஸின் மதிப்பைக்
கண்டுபிடித்துவிட்டார்கள்.
இப்போது முதலிலிருந்து தேடுகிறாள்.
பக்கத்தில் ஒரு மிசோ பையன்
'ழ' சொல்லச் சொல்லி
நாக்கை மடித்து மடித்துச் சிரிக்கிறான்.
எங்க பசங்க மட்டும் என்ன,
'வாளப்பளம்'னு சொல்லிட்டுத் திரியறதுகதான்.

பொறவொரு நாள் பபிதா தனியாக வந்தாள்.
மின்விசிறியைப் பார்த்தாள். காலண்டரைப் பார்த்தாள்.
"பெரியவங்களுக்கு... இருக்கா?"
பீரோவின் கீழ்த்தட்டில் மஞ்சள் தாள்,
படைவீரர் மனைவியருக்கான பத்தாம் வகுப்பு.
மூன்று வருடமாய் யாரும் கேட்காததால்
ஓரமெல்லாம் வெள்ளிப்பூச்சி தின்றிருந்தது.

அதிலும் பள்ளிகளுக்கு மூன்று கோடு.
அவளுக்கு ஒன்று போதும்,
அதிலும் பாதி.
ஒன்பதாம் வகுப்பு, கார்த்திகை மாதம்,
கல்யாணம்.

'பாதுகாவலர் கையொப்பம்' என்ற இடத்தில் நின்றோம்.
புருஷன் போடணும்.
பதினோரு நாளாய் போன் எடுக்கவில்லை.
கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.
பையோடு வந்த தீக்ஷா எட்டிப் பார்த்தாள்.
"நான் போடறேன் ஆன்ட்டி.
இவங்க கணக்கு நோட்டை
நான்தானே திருத்தறேன்."
போட்டும்விட்டாள்.
உறவுமுறை: மகள்.

நான் தடுத்திருக்கணும்.
பதினெட்டு வருஷ சர்வீஸ்,
எந்தத் தாள் திரும்பி வரும்னு
மோந்து பார்த்தே சொல்லிப் போடுவேன்.

புதன்கிழமை திரும்பி வந்தது.
சிவப்பு மையில், 'உறவுமுறை தவறு.'
கீழே பென்சிலில் எழுதினேன்:
உறவுமுறை சரிங்க ஐயா,
வயசுதான் பத்தல.
பென்சிலை அழித்துவிட்டு
பேனாவில் எழுதினேன்:
கணவர் களப்பணியில்; ஒப்பம் பின்னர் பெறப்படும்.
வியாழக்கிழமை அனுப்பினேன்.
வெள்ளி வந்தது, தாள் வரவில்லை.

வருகைப் பதிவேட்டில் பேர் ஏறாமலே
கிடங்கின் கடைசி பெஞ்சில்
பபிதா உட்கார்ந்திருக்கிறாள்.
வாளையாறு பக்கம் யானை இறங்கினால்
ரயில்கள் ஹாரன் அடித்து ஊர்ந்து வரும்.
அந்தச் சத்தத்துக்கு வகுப்பே தலை திருப்புகிறது,
அவள் மட்டும்
விட்ட இடத்தில் விரலை வைத்திருக்கிறாள்.

காலையில் தூசி துடைத்ததும்
நான் ஸ்கேலை எடுக்கிறேன்.
புதுக் கட்டிலிருந்து ஒவ்வொரு தாளாய் உருவி
மூன்றாவதன் கீழே
நாலு, அஞ்சு, ஆறு.
மை காய ஒரு நிமிஷம்.
காற்றுக்கு அதுவரைக்கும் பொறுமையில்லை.