நாலு எல்லை

பாமணியில் தண்ணி வந்த மூன்றாம் நாள்
மன்னார்குடிப் பத்திர ஆபீசுக்கு
வெளிச்சுவர் அடித்துக்கொண்டிருந்தேன்,
இரண்டாம் கோட்டு, பிஸ்தாப் பச்சை.
சாரத்தில் நிற்கையில் போன்.
மச்சான் மயில்வாகனம், கட்டுவனிலிருந்து:
"முட்கம்பி எடுத்திட்டாங்கள். காணி விட்டாச்சு.
நாப்பது நாளுக்குள்ள உறுதியோட வந்து பதிய வேணும்."

உறுதி இருக்கிறது.
கோடியக்கரையில் இறங்கின இரவு
அம்மாவின் பாவாடை மடிப்புக்குள் இருந்தது.
எழுத்தைக் கடல் எடுத்துக்கொண்டது.
மிச்சம் ஒரு முத்திரை,
நொத்தாரிசின் பெயரில் பாதி.

சாப்பாட்டு நேரம் இறங்கிப் போய்
வேப்பமரத்தடியில் தட்டச்சு வைத்திருக்கும்
பஞ்சாபகேசன் முன்னால் குந்தினேன்.
"விஸ்தீரணம்?"
"நாலு பரப்பு, ஏழு குழி."
விரல் நின்றது.
"எங்க குழியா, உங்க குழியா?
நூறு குழி ஒரு மா, அது தெரியும்.
பரப்புக்கு எத்தனை?"
"பதினெட்டு."
உறை ஒன்றின் பின்னால் கணக்குப் போட்டார்.
"ஏழு சதுரடி உங்க குழி பெருசுய்யா,"
என்றார், ஏதோ நான் ஏமாற்றிவிட்டது போல.

"நாலு எல்லை சொல்லும்."
கிழக்கே செல்லாச்சி காணி. கனடாவில் செத்துப்போனா.
தெற்கே கந்தப்பு வாத்தியார். ஷெல்.
மேற்கே ஒழுங்கை.
வடக்கே
"வடக்கே?"
வடக்கே கிணறு. எங்களுக்கு ஆறில் ஒரு பங்கு.
மற்ற ஐந்து பேரில்
ஒருவரின் விலாசம்தான் இப்போது கையில்.
"ஆளு இருக்காங்களான்னு கேக்கல.
எல்லை போதும்."

"அனுபோகம் யாருட்ட இருந்துச்சு?"
"முகாம்."
"நீங்க இப்ப இருக்கறது?"
"முகாம்."
அடித்ததையே அடித்துவிட்டோமோ என்று
தாளை மேலே உருட்டிப் பார்த்தார்.
நூற்றிருபது ரூபாய்
எண்ணி வாங்கிக்கொண்டார்.

பொழுது சாய, ஆர்.ஐ. வந்து
ஆள் எண்ணிக் கையெழுத்து வாங்கும் வரிசையில் நின்றபடி
மச்சானைத் திரும்பக் கூப்பிட்டேன்.
"கிணறு?"
"கிணறு கிடக்கு. கட்டில பெரிசா
பதினேழு எண்டு எழுதி வச்சிருக்கிறாங்கள்."
எதற்குப் பதினேழு, அவனுக்கும் தெரியாது.

நான் கேட்டது ஒன்றுதான்:
எனாமலா, சுண்ணாம்பா?
சுண்ணாம்பென்றால் ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும்.
எனாமல் என்றால்
உப்புத்தாள் இங்கிருந்தே
வாங்கிக்கொண்டு போக வேண்டும்.